அதான் ரயில்வேல வேலை குடுத்தாச்சுல்ல?

கொஞ்ச நாளைக்கு முன்னாடி சக பதிவர் ஒருத்தர் அனிதா பால்துரை பத்தி ஒரு பதிவு போட்டிருந்தார். பேர் வேணாம். நல்ல மனுஷன், தமிழ்மணம் ஓஹோன்னு இருந்த காலத்துலேர்ந்து பழக்கம். பதிவும் நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு இடத்தைத் தவிர. ஒண்ணு தலைப்பு: "தாயான பிறகும் சாதித்த தமிழச்சி". இன்னொண்ணு, நான் பின்னூட்டத்துல கேட்ட ஒரு கேள்விக்கு அவர் சொன்ன பதில்: "அதான் ரயில்வேல வேலை குடுத்தாச்சுல்ல, பத்மஸ்ரீயும் குடுத்தாச்சு. ஒரு கூடைப்பந்து ஆடுற பொண்ணுக்கு இதுக்கு மேல என்னய்யா வேணும்?"

அங்கேயே பதில் எழுத உக்காந்தேன். அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு. அடுத்தவன் வீட்டுத் திண்ணையில பாயை விரிச்சுப் படுத்த மாதிரி ஆயிடும்னு, நம்ம வீட்டுலயே விரிச்சுட்டேன். நண்பர் கோச்சுக்க மாட்டார். கோச்சுக்கிட்டாலும் பரவாயில்ல :)

முதல்ல அனிதா யாருன்னு தெரியாதவங்களுக்கு. கிரிக்கெட் பதிவா எழுதித் தள்ளுற நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாதுங்கிறது எனக்குத் தெரியும். சென்னைப் பொண்ணு. 1985-ல் பிறந்தவர். 2000-த்துல இந்தியாவுக்கு ஆட ஆரம்பிச்சு 2017 வரைக்கும், மொத்தம் 18 வருஷம் தேசிய அணியில இருந்தார். 19 வயசுல கேப்டன். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகள்ல தொடர்ந்து 9 தடவை இந்தியாவுக்காக இறங்கினவர். தேசியப் போட்டிகள்ல வாங்கின பதக்கம் மட்டும் 30. 2013-ல் தோஹாவுல நடந்த 3-க்கு 3 ஆசியப் போட்டியில தங்கம். 2017 ஜூலையில பெங்களூர்ல நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்துல கஜகஸ்தானை 75-73னு இந்தியா ஜெயிச்சு முதல் பிரிவுக்கு ஏறுச்சே, அந்த அணியிலயும் அனிதா இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ. அர்ஜுனா விருது கடைசி வரைக்கும் கிடைக்கல. இத்தனைக்கும் சக ஆட்டக்காரர்கள் கீத்து அன்னா ஜோஸுக்கு 2014-லயும், பிரசாந்தி சிங்குக்கு 2017-லயும் அது கிடைச்சுச்சு. அவங்களுக்குக் கிடைச்சதுல எனக்கு வருத்தமில்ல. இவருக்கு ஏன் இல்லைங்கிறதுதான் கேள்வி.

இப்ப அந்த "தாயான பிறகும்" சமாச்சாரம். 2015 பிப்ரவரியில தோனிக்குப் பொண்ணு பிறந்தப்ப அவர் ஆஸ்திரேலியாவுல உலகக் கோப்பைக்காக இருந்தார். ஊருக்கு வரல. "நாட்டுக்காக நிக்கிறான்யா"ன்னு சிலாகிச்சோம். அதோட சரி. அதுக்கப்புறம் அவர் ஆடின எந்த ஆட்டத்துக்கும் "தந்தையான பிறகும் சாதித்த தோனி"ன்னு எவனும் தலைப்பு வெக்கல. அனிதா பிள்ளை பெத்துட்டுத் திரும்பி வந்து ஆசியத் தங்கம் வாங்கினா மட்டும் அது தாய்மைக் காவியம் ஆயிடுது. காவியம் ஆயிட்டா ஒரு வசதி இருக்கு பாருங்க. அந்தம்மா எத்தனை மாசம் பந்தைத் தொடாம இருந்துச்சு, உடம்பை யார் காசுல, எந்தப் பயிற்சியாளரை வெச்சுத் தேத்துச்சு, கேம்ப்ல இருந்தப்ப பிள்ளையை யார் பாத்துக்கிட்டது... இதையெல்லாம் யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல. "அம்மா சக்தி"ன்னு ஒரு வார்த்தையில கணக்கை முடிச்சுடலாம். அமெரிக்காவுல டபிள்யூ.என்.பி.ஏ. வீராங்கனைகள் 2020-ல் போட்ட ஒப்பந்தத்துல, பிரசவ காலத்துக்கு முழுச் சம்பளம்னு எழுதி வாங்கினாங்க. அங்க அது சம்பளப் பேச்சு. இங்க நமக்கு அது கண்ணீர்க் கதை.

நான் சொல்ல வர்றது இதுதான். அனிதா செஞ்சது தவமும் இல்ல, தியாகமும் இல்ல. அது 18 வருஷ உழைப்பு. ஒரு தொழில். அதைத் தொழிலா மதிச்சு அதுக்குன்னு களமும் கூலியும் குடுக்க நமக்குத் துப்பில்ல. துப்பில்லாததை மறைக்கத்தான் வேலையைக் காட்டுறோம், விருதைக் காட்டுறோம்.

"யோவ், ரயில்வே வேலையைக் கேவலமாப் பேசுறியா?"ன்னு பாயுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். ரயில்வே வேலை இல்லாட்டி இந்தியாவுல பெண்கள் கூடைப்பந்துன்னு ஒண்ணு இருந்திருக்கவே இருக்காது. இதை நான் நெஞ்சுல கை வெச்சுச் சொல்வேன். மேலூர்லயோ திருமங்கலத்துலயோ ஒரு கூலிக்காரர் தன் பொண்ணு அரை டவுசர் போட்டுக்கிட்டு ஓடுறதுக்குச் சம்மதிக்கிறார்னா, கடைசியில ஒரு அரசாங்க வேலை இருக்குங்கிற ஒரே நம்பிக்கையிலதான். மாசச் சம்பளம், வைத்திய வசதி, ஆடப் போறதுக்கு விடுப்பு, ஆடி ஓஞ்சப்புறமும் ஒரு நாற்காலி. சும்மா வராது அது. பல குடும்பங்களைக் கரையேத்தின வேலை.

ஆனா அந்த வேலை என்ன செய்யுதுன்னு கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. சம்பளம் வர்றது ஆபீஸ் வேலைக்கு. ஆட்டம் அதுக்கான தகுதிச் சான்று. ஆட்டத்துக்குன்னு தனியா ஒரு பிழைப்பு கிடையாது.  இன்னொண்ணு, தேசிய சீனியர் போட்டியில ரயில்வே ஒரு தனி அணி. நாடு முழுக்க இருக்கிற நல்ல ஆட்டக்காரிகளை வேலைக்கு எடுத்து வெச்சிருக்கிறதால, பெண்கள் பிரிவுல பல வருஷமா அவங்க ராஜ்ஜியம்தான். அதனால என்னாகுது? தமிழ்நாட்டுல வளர்ந்த பொண்ணு, வேலை கிடைச்ச மறு வருஷமே தமிழ்நாட்டுக்கு எதிரா இறங்கி ஆடும். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. சோறு போடுறவன் சட்டையைத்தான் போட முடியும். ஆனா சொந்த ஊரு கைதட்டுறதுக்கு ஒரு சட்டை இல்லாமப் போயிடுதே, அதைச் சொல்றேன்.

இங்க உங்களை ஒரு சின்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். லாத்வியா. பால்டிக் கடலோரத்துல இருக்கிற நாடு. மொத்த ஜனமே 20 லட்சத்துக்கும் கம்மி. 2011 கணக்கெடுப்புப்படி நம்ம மதுரை மாவட்டத்து ஜனத்தொகை 30 லட்சத்து 38 ஆயிரம். அதாவது நம்ம ஒரு மாவட்டத்தை விடச் சின்ன நாடு. அதோட தலைநகர் ரிகாவுல ஒரு பெண்கள் கூடைப்பந்து கிளப் இருக்கு, பேரு டி.டி.டி. ரிகா. 1960-லேர்ந்து 1982-க்குள்ள ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை 18 தடவை தூக்கினவங்க. பதினெட்டு! சரி, டி.டி.டி.ன்னா என்ன தெரியுமா? டிராம், டிராலி பஸ் நிறுவனம். நகரத்துல டிராம் வண்டியும் மின்சார பஸ்ஸும் ஓட்டுற ஆபீஸ். நம்மூர் கணக்குக்குச் சொன்னா பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தோட லேடீஸ் டீம்! (அந்தப் பேரு போய் ரொம்ப நாளாச்சு, மதுரைக்காரனுக்கு இன்னும் வாயில அதான் வருது.)

அந்த டிராம் டீம்லதான் உல்யானா செம்யோனோவா ஆடினார். கிட்டத்தட்ட 7 அடி உயரம். 1976-ல் மாண்ட்ரியல்ல ஒலிம்பிக்கில் முதல் தடவையா பெண்கள் கூடைப்பந்து வந்தப்ப சோவியத் அணிக்குத் தங்கம், 1980 மாஸ்கோவுலயும் தங்கம். நம்ம அனிதா மாதிரியே 18 வருஷம் தேசிய அணி. அந்த 18 வருஷத்துல தேசிய அணிக்காக ஆடின அதிகாரப்பூர்வ ஆட்டம் ஒண்ணுல கூடத் தோக்கலன்னு சொல்றாங்க. 1987-ல்தான் வெளிநாட்டு கிளப்புக்குப் போக விட்டாங்க. ஸ்பெயின்ல ஒரு வருஷம், பிரான்ஸ்ல ஒரு வருஷம். முப்பத்தஞ்சு வயசுக்கு மேல. அதுவரைக்கும் அவரும் அரசாங்க அமைப்புக்குள்ள இருந்தவர்தான். சோவியத்துல தொழில்முறை ஆட்டம்னு ஒண்ணு காகிதத்துல கிடையாது, எல்லாரும் "அமெச்சூர்". ஆக, நம்ம ரயில்வே மாதிரிதான் அவங்களுக்கும் டிராம்.

அப்ப வித்தியாசம் எங்க இருக்கு? உயரத்துலன்னு சொல்லாதீங்க. ஒரு ஆள் 7 அடி இருந்து 18 கோப்பை வராது. செம்யோனோவா வந்து சேர்றதுக்கு முன்னாடியே டி.டி.டி. கோப்பைகளை அடுக்க ஆரம்பிச்சிடுச்சு.

வித்தியாசம் லீக்ல இருக்கு. இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்க "டோர்னமெண்ட்" வேற "லீக்" வேறன்னு யோசிக்கிறதே இல்ல. நம்ம ரயில்வே வீராங்கனைக்கு ஒரு வருஷத்துல என்ன ஆட்டம் கிடைக்கும்? ரயில்வே மண்டலங்களுக்குள்ள ஒரு போட்டி. தேசிய சீனியர் போட்டி. ஃபெடரேஷன் கோப்பை. கோயம்புத்தூர்ல பெண்களுக்கு நடத்துற சி.ஆர்.ஐ. கோப்பை மாதிரி சில அழைப்புப் போட்டிகள். ஒவ்வொண்ணும் அஞ்சாறு நாள், ஒரு வாரம். ஒரே ஊர்ல டேரா போட்டு, தினம் ஒரு ஆட்டம், சில நாள் ரெண்டு. நேத்து செஞ்ச தப்பைத் திருத்த இன்னிக்கு நேரம் இருக்காது. கால் வீங்கியிருந்தாலும் பட்டையைச் சுத்திக்கிட்டு இறங்கணும். அது முடிஞ்சா அடுத்த மாசம் முழுக்க ஆபீஸும் பிராக்டிஸும்தான், எதிராளியே இல்லாத பிராக்டிஸ்.

லீக்னா அப்படி இல்ல. வாரம் ஒரு ஆட்டம், ரெண்டு ஆட்டம். மழைக்காலம் முடிஞ்சு ஆரம்பிச்சா கோடை வரைக்கும். சனிக்கிழமை தோத்தா, செவ்வாய்க்கிழமை அதையே வீடியோவுல போட்டுப் பாத்து, "இந்த இடத்துல உன் கால் ஏன் பின்னாடி போச்சு"ன்னு பயிற்சியாளர் கேப்பார். அதே எதிரணியை மூணு மாசம் கழிச்சு அவங்க ஊர்ல போய்ச் சந்திக்கணும். இவ இடது பக்கம்தான் போவான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால வலது பக்கம் போகக் கத்துக்கணும். அப்படித்தான் ஒரு ஆட்டக்காரி வளர்றா. பாதி ஆட்டம் சொந்த ஊர்ல நடக்கும். டிராம் ஓட்டுற ஆளு தன் பொண்ணைக் கூட்டிட்டு வந்து பாப்பான். அந்தப் பொண்ணுக்கு அடுத்த வருஷம் பந்து வாங்கித் தரணும். இப்படி ஒண்ணை ஒண்ணு பிடிச்சு ஏறுற கொடி அது.

அந்தக் கொடி சோவியத் உடைஞ்சதுக்கு அப்புறமும் காயல. 2007 ஐரோப்பியப் போட்டியில லாத்வியப் பெண்கள் நாலாவது இடம். அந்த அணியோட அனேதே யேகப்சோனே அந்த வருஷம் ஐரோப்பாவின் சிறந்த வீராங்கனை விருது வாங்கினார். 2008-ல் பீஜிங் ஒலிம்பிக், 2009-ல் அமெரிக்காவுல கனெக்டிகட் சன் அணி. அதுக்கு அடுத்த தலைமுறை கிதியா லக்சா, 2025-ல் ஃபீனிக்ஸ் மெர்க்குரிக்காக ஆடினார். 20 லட்சம் ஜனம் இல்லாத நாட்டுலேர்ந்து! நம்ம இந்தியப் பெண்கள் அணி இன்னிக்கு வரைக்கும் ஒரு ஒலிம்பிக்குக்குக் கூடப் போனதில்ல.

திறமை இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். கீத்து அன்னா ஜோஸ் கோட்டயத்துப் பொண்ணு, வேலை சென்னையில தெற்கு ரயில்வே. 2006-லேர்ந்து 2008 வரைக்கும் ஆஸ்திரேலியாவுல ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடினார். 2011-ல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் மூணு அவரை வரவழைச்சுத் தேர்வு பாத்துச்சு: சிகாகோ, லாஸ் ஏஞ்சலீஸ், சான் அன்டோனியோ. எடுக்கல. எப்படி எடுப்பான்? எதிர்ல நின்ன அமெரிக்கப் பொண்ணுங்க அதுக்கு முந்தின வருஷம் முழுக்க லீக் ஆடிட்டு வந்தவங்க. கீத்து ஒரு வாரப் போட்டி சிலது ஆடிட்டுப் போனவர். அந்த நிலைமையில அவர் அந்தத் தரை வரைக்கும் போய் நின்னதே பெரிசு.

அமெரிக்கா சொர்க்கம்னும் நான் சொல்லல. 2024-ல் கெய்ட்லின் கிளார்க் வந்தப்ப அவருக்காக அரங்கம் அரங்கமா நிறைஞ்சுச்சு, ஆனா முதல் வருஷ அடிப்படைச் சம்பளம் 76,535 டாலர்தான். பிரிட்னி கிரைனர் 2022-ல் மாஸ்கோ விமான நிலையத்துல மாட்டிக்கிட்டதே, சீசன் இல்லாத மாசத்துல ரஷ்ய கிளப்புக்கு ஆடிச் சம்பாதிக்கப் போன இடத்துலதான். அங்கயும் பெண்களுக்குக் கூலி கம்மிதான். ஆனா கூலின்னு ஒண்ணு இருக்கிறதாலதான் "கம்மி"ன்னு சண்டை போட முடியுது. நமக்குச் சண்டை போடவே எண் இல்ல.

இங்க லீக் ஆரம்பிக்கலையான்னு கேட்டா, ஆரம்பிச்சாங்க, பேச்சுல. 2010-ல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸோட 30 வருஷ ஒப்பந்தம் போட்டுச்சு. தொழில்முறை லீக் இதோ வருது, அதோ வருதுன்னாங்க. வரவே இல்ல. 2015-ல் வேற ஆளுங்க யு.பி.ஏ.ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சென்னை ஸ்லாம்னு நம்ம அணி கூட இருந்துச்சு. நாலு சீசன், 2017-ல் மூடுவிழா. அதுவும் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு அப்பப்ப 3-க்கு 3 போட்டிகள் வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. வருஷா வருஷம், ஊர் ஊரா, சொந்தத் தரை வெளியூர்த் தரைன்னு நிலைச்சு நிக்கிற லீக் ஒண்ணு நம்ம பொண்ணுங்களுக்கு இல்ல. 2023-ல் பெண்கள் கிரிக்கெட்டுக்கு ஏலம் நடந்தப்ப ஸ்மிரிதி மந்தனா 3 கோடியே 40 லட்சத்துக்குப் போனார். அதே நாடு, அதே வயசுப் பொண்ணுங்க, பந்துதான் வேற.

சரி, மதுரைக்கு வாங்க. எனக்கு இதுல என்ன இவ்வளவு சூடுன்னா, என் தங்கச்சி மகள் ஆடுறா. பத்தாவது முடிச்சிருக்கா. அஞ்சடி ஒன்பது அங்குலம், இன்னும் வளர்றா. அவ பள்ளிக்கூடத்துல பதினொண்ணு பன்னெண்டு பிள்ளைங்களுக்கு கோர்ட் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, நீட்டும் கட் ஆஃபும் இருக்காம். "சர்ட்டிபிகேட் வர்ற மாதிரி இன்னும் ஒரு மாவட்டப் போட்டி மட்டும் ஆடட்டும்"னு தங்கச்சி வீட்டுக்காரர் சொல்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பொறியியல்ல விளையாட்டு ஒதுக்கீடு 500 சீட்டு, மருத்துவத்துல 7. அரசு வேலையில 3 சதவீதம். அப்பன்காரன் பாக்குறது அந்த எண்களைத்தான். தமிழ்நாட்டுல கூடைப்பந்துங்கிறது வேற எங்கேயோ போறதுக்கான பஸ் டிக்கெட். ஏறி உக்காந்ததும் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடலாம்.

அந்தப் பிள்ளை என்கிட்ட ஒரு நாள் கேட்டுச்சு, "மாமா, இதையே வேலையாப் பாக்குறவங்க இருக்காங்களா?" நான் அனிதா பேரைச் சொன்னேன். "அவங்க ரயில்வேல இல்ல வேலை பாக்குறாங்க?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு. நம்ம பதிவர் நண்பருக்கு உறைக்காதது பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு உறைச்சிருக்கு.

18 வருஷம் இந்தியாவுக்கு ஆடின அனிதாவை நான் மதுரையில ஒரு தடவை கூட நேர்ல ஆடிப் பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீங்களா? இத்தனைக்கும் இது தெற்கு ரயில்வேயோட கோட்டத் தலைமையிடம். அரசரடியில ரயில்வே மைதானம் இருக்கு. லேடி டோக், பாத்திமான்னு பெண்கள் கல்லூரி இருக்கு. ரயில்வே, ஐ.சி.எஃப்., போலீஸ், மின்வாரியம், பேங்க்குகள், கல்லூரிகள்... தமிழ்நாட்டுக்குள்ளேயே எட்டு பெண்கள் அணி தேறாதா? அக்டோபர்ல ஆரம்பிச்சு மார்ச் வரைக்கும் வாரக் கடைசியில ஒரு ஆட்டம். ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஊரைச் சொந்தத் தரையாக் குடுங்க: மதுரை, திருச்சி, கோவை, நெல்லை, சென்னை. ஆபீஸ் சம்பளம் ஆபீஸ் சம்பளமா இருக்கட்டும், அதுல கை வெக்க வேணாம். ஆடுற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியா ஆட்டக் கூலி. பிள்ளை பெத்துக்கப் போனா அந்த சீசனுக்கும் கூலி. ரிகாவுல டிராம் ஆபீஸை வெச்சுச் செஞ்சதை ரயில் ஓட்டுறவங்களை வெச்சுச் செய்ய முடியாதா?

அப்புறம் தரை. ரேஸ் கோர்ஸ் பக்கமோ கல்லூரி வளாகங்கள்லயோ போய்ப் பாருங்க, நம்ம பிள்ளைங்க பெரும்பாலும் குதிக்கிறது சிமெண்டுல. மே மாசம் பத்து மணிக்கு அந்தத் தரையில கை வெச்சா தோசை வேகும். முழங்கால்ல முன் சிலுவைத் தசைநார்னு ஒண்ணு இருக்கு, குதிச்சு இறங்கித் திரும்புறப்ப கிழியுறது. ஆண்களை விடப் பெண்களுக்கு அது கிழியுற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேலன்னு மருத்துவர்களே சொல்றாங்க. கிழிஞ்சா அறுவை சிகிச்சை, ஒன்பது மாசம் வீடு. வேலை கிடைக்கிறதுக்கு முன்னாடி கிழிஞ்சுதுன்னா கதை அதோட முடிஞ்சுது. அந்தப் பொண்ணைப் பத்தி எவனும் பதிவு போட மாட்டான்.

காசு இல்லைன்னு ஒரு கூட்டம் வரும். கீழக்கரையில 2024 ஜனவரியில ஏறுதழுவுதலுக்குன்னு கலைஞர் நூற்றாண்டு அரங்கம் திறந்தாங்க. நானும் ஜல்லிக்கட்டுப் பைத்தியம்தான், திறந்ததுல சந்தோஷம். 2025 கடைசியில ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியில பாதி நம்மூர்ல நடந்துச்சு, அதுக்குன்னு ரேஸ் கோர்ஸ்ல புது ஹாக்கி அரங்கம் வந்துச்சு. அதுலயும் சந்தோஷம். மனசு வெச்சா மதுரைக்குக் காசு வருதுங்கிறதுக்கு இதை விட என்ன சாட்சி?

அடுத்து, "பொம்பளப் பிள்ளைங்க ஆடுறத எவன்யா வந்து பாப்பான்?" இதைக் கேக்குறவங்க மே மாசம் பெரியகுளம் போயிட்டு வாங்க. மதுரையிலேர்ந்து ரெண்டு மணி நேர பஸ். சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் அரை நூற்றாண்டுக்கும் மேல அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்திக்கிட்டு இருக்கு. ராத்திரி விளக்கு வெளிச்சத்துல ஊரே உக்காந்து பாக்கும். கடலை விக்கிறவரு ஃபவுல் கணக்கு சரியாச் சொல்வாரு. மாமரத்துக்கும் கும்பக்கரைக்கும் பேர் போன ஒரு சின்ன ஊரு கூடைப்பந்தைப் பாக்கக் கத்துக்கிட்டது எப்படி? வருஷா வருஷம், அதே தேதியில, கண்ணு முன்னாடி நடத்தினதால. அங்க வர்றது ஆண்கள் அணிகள். அதே தரையில அதே விளக்குல பெண்கள் ஆட்டத்தைப் பத்து வருஷம் நடத்திட்டு, அப்புறமும் கூட்டம் வரலைன்னா வந்து சொல்லுங்க, கேட்டுக்கிறேன். நடத்தாமலே "வராது"ன்னா எப்படி?

நம்ம ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை ஒரு வீராங்கனையைப் பத்தி எழுதுறப்ப, அவர் என்ன சமைப்பார், புருஷன் எவ்வளவு ஒத்துழைப்புங்கிறதை விட்டுட்டு அவர் எப்படி ஆடுவார்னு நாலு வரி எழுதுங்களேன். அனிதா கார்டு ஆடினாரா, ஃபார்வர்டா? நண்பரோட முப்பது வரிப் பதிவுல அது இல்ல. முப்பது வரியில "தாய்" ஆறு தடவை வருது, எண்ணிப் பாத்தேன். "பந்து" ரெண்டே தடவை.

டிஸ்கி 1: ரயில்வேல வேலை பாக்குற பதிவர்கள் அடிக்க வராதீங்க. உங்க டிபார்ட்மெண்டைத்தான் தூக்கி வெச்சுப் பேசியிருக்கேன், நிதானமாப் படிங்க.

டிஸ்கி 2: தங்கச்சி மகள் பேரையும் படத்தையும் போடலாமான்னு கேட்டேன். "ஸ்டேட் டீம்ல செலக்ட் ஆனப்புறம் போடுங்க மாமா"ன்னுட்டா. அவங்கப்பா இன்னும் ஒத்துக்கல, பேசிக்கிட்டு இருக்கேன்.